மாதிரிக்குக் கொடுத்த துண்டு

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். நீயும் அத்தையும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? உன் முழங்கால் வலி தேவலையா?

சிரிக்கிற மாதிரி ஒரு சங்கதி. உன் அண்ணன் தன் கடையில் என்னைத் தையல் பக்கமே விடாமல் முன்னால் நிறுத்தியிருக்கிறார் அல்லவா? கார் சீட்டுக்கு உறை போட வருபவர்கள் கையில் மாதிரிக்கு ஒரு துண்டைக் கொடுத்து, "தொட்டுப் பாருங்க, அசல் தோல்" என்பதுதான் என் வேலை. நேற்று ஒரு டாக்சிக்காரர் கிழிந்த சீட்டோடு வந்தார். அசல் தோலென்றால் அடிப்பக்கம் நார் நாராக இருக்கும். இதில் வெள்ளைத் துணி பல்லிளித்தது. வெறும் ரெக்சின்!

"நீங்க சொன்னதை நம்பித்தானே போட்டேன்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

உள்ளே போய்க் கேட்டேன். உன் அண்ணன் தையல் மெஷினைக்கூட நிறுத்தவில்லை.

"துண்டு அசல்தானே மாப்ள? உங்க மூஞ்சியப் பார்த்தா யாருக்கும் சந்தேகம் வராது. அதுக்குத்தானே முன்னாடி நிறுத்தினேன்!"

தங்கை புருஷன் என்கிற மரியாதைக்கு நிறுத்தினார் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

நேற்றிலிருந்து உன் அண்ணனோடு உட்காராமல் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். அத்தையிடம் சொல்லாதே. உன் கடிதம் மட்டும் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். எப்போதும்போல இரண்டு சட்டை அனுப்பு, அவருக்கும் சேர்த்து. இல்லாவிட்டால் அத்தை ஏனென்று கேட்பார்கள்.

கடை திறக்கிற நேரம், கூப்பிடுகிறார். சட்டை பருத்திதானா என்று நீயே தொட்டுப் பார்த்து எடு. கடையில் நிற்கிறவன் முகத்தை நம்பி வாங்கிவிடாதே.

உன்னவன்