பத்தாவது கணக்கு

ஜூன் 9, திங்கள்

நாலாம் வகுப்பில் எனக்கு முப்பத்தெட்டுப் பிள்ளைகள், இருபத்தொன்பது நாற்காலிகள். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு நடத்த வந்திருக்கும் புது டீச்சருக்கு ஆறே பிள்ளைகள். பழைய ஸ்டோர் ரூமைச் சுண்ணாம்பு அடித்து, தரைக்கு விரிப்பும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்து வைத்தவள்.

என் குருவியையும் வாரம் இரண்டு நாள் கூட்டிப்போகிறாளாம். கட்டட வேலை செய்பவரின் மகள், ஆள் பொடிசு, மூளை பெரிசு. ஒன்றாம் வகுப்பிலிருந்து அவளுக்கு நான்தான் டீச்சர், அதைக் கண்டுபிடித்தவளும் நான்.

ஜூன் 12, வியாழன்

கணக்கில் குருவிக்குப் பத்துக்கு எட்டு. மறுபடியும்.

என் வகுப்பில் பத்தும் சரியாகப் போடுகிறவர்தான் மற்றவர்கள் நோட்டைத் திருத்தலாம். போன வருஷம் தினமும் அவள்தான் திருத்துவாள்.

ஜூன் 17, செவ்வாய்

"அக்கா, உங்க குருவி இன்னிக்கு ஏழாங்கிளாஸ் கணக்கைப் போட்டுட்டா" என்றாள் புது டீச்சர், டீயை ஆற்றிக்கொண்டே. பாராட்டா, குத்தலா? என்னிடம் எட்டு வாங்குகிறவள் அவளிடம் மட்டும் எப்படி?

வயிறு எரிகிறது. வீட்டில் இவரிடம் சொன்னால், ஆறு பிள்ளைகள் இருந்தால் நீயும் பிரமாதமாகத்தான் நடத்துவாய் என்கிறார். ஆறுதலாம். வெந்த புண்ணில் வேல்.

ஜூன் 20, வெள்ளி

நகரத்துப் பெரிய பள்ளியில் ஒரே ஓர் இடம், எல்லாம் இலவசம். குருவிக்காகப் புது டீச்சர் படிவம் வாங்கி வந்தாள். வகுப்பாசிரியர் கருத்து எழுத வேண்டும்.

"கணக்கில் சராசரி. கவனம் போதாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நோட்டில் இருப்பதைத்தானே எழுதினேன்?

பேனாவை மூடும்போது சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 23, திங்கள்

குருவியின் நோட்டைப் புரட்டினேன். பள்ளி திறந்ததிலிருந்து தப்பானது எல்லாமே ஒன்பதாவதும் பத்தாவதும்தான். அழித்த இடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தப்பான விடைக்கு அடியில் சரியான விடை.

கூப்பிட்டுக் கேட்டேன்.

"எல்லாம் சரியா போட்டா நோட்டு திருத்தச் சொல்வீங்க, மிஸ். முப்பத்தேழு நோட்டு. அதுக்குள்ள மணி அடிச்சிடும்."

"அந்த டீச்சர்கிட்ட?"

"அங்க முடிச்சா அடுத்த கணக்கு தருவாங்க."

நோட்டு திருத்துறதை நான் பரிசுன்னுல்ல நினைச்சேன். அந்தப் படிவத்தில் என்னடி எழுதி வச்சே, பாவி—

ஜூன் 24, செவ்வாய்

படிவம் நேற்றே போய்விட்டது என்றார் தலைமை ஆசிரியை. அரைநாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி அந்தப் பெரிய பள்ளியின் ஆபீசுக்குப் போனேன். எழுதியதை மாற்ற முடியாது, கடிதம் வேண்டுமானால் இணைக்கலாம் என்றார் கிளார்க்.

"பிள்ளையிடம் குறையில்லை. அடுத்த கணக்கு கொடுக்காதது என் தவறு" என்று எழுதினேன். அவர் படித்துவிட்டு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

ஜூலை 18, வெள்ளி

இடம் வேறு பள்ளிப் பிள்ளைக்குப் போய்விட்டது. அடுத்த வருஷம் மறுபடி முயலலாமாம். குருவியின் அப்பா எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

இன்று பத்துக்குப் பத்து. நோட்டுகளை நானே திருத்தினேன். அவளுக்குப் பதினோராவது கணக்கு கொடுத்தேன், முடித்தாள். பன்னிரண்டாவதும் முடித்தாள். அப்புறம் என்னிடம் சரக்கு இல்லை.

ஸ்டோர் ரூம் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே சிரிப்புச் சத்தம். எரியத்தான் செய்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். கதவைத் தட்டினேன்.

"குருவிக்குக் கணக்கு தீர்ந்து போச்சு. உங்ககிட்ட இருக்கா?"