மலைவீட்டுக்கு ஒரு நடை, புது வண்டியில்

அனுப்புநர்
குவாரி ஜீப் டிரைவரின் மனைவி, தையல் வேலை,
மலைமேல் குடியிருப்பு, கடைசி வீடு.

பெறுநர்
வாகனப் பிரிவு அதிகாரி அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: என் கணவரை வீட்டுக்குக் கொண்டு செல்ல, முன்சக்கரங்கள் தனித்தனியே அசையும் புது வண்டியை ஒரே ஒரு நடை அனுப்பக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் முதுகெலும்பில் புற்றுநோயோடு ஆண்கள் வார்டில் படுத்திருக்கிறார். இனி இங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கும் வீட்டுக்குத்தான் போக வேண்டும். போவதற்கு வண்டிதான் இல்லை.

2. மலைப்பாதைக்கென்று ஒதுக்கிய பழைய ஜீப் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதில்தான் அவரைக் கீழே கொண்டுவந்தோம். அதன் முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்பு ஆக்சிலில் மாட்டியவை. ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மற்றதும் சேர்ந்து சாய்கிறது, வண்டியே சாய்கிறது. அதன் டிரைவர் என் கணவரின் சொந்தத் தம்பி. நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினார். ஆனாலும் பாதையில் குறுக்கிடும் ஓடையைத் தாண்டுவதற்குள் என் கணவர் உதட்டைக் கடித்தே கிழித்துக்கொண்டார். இறக்கிய பிறகு கொழுந்தனார் வண்டிக்குப் பின்னால் போய் நின்று அழுதார். இவர் ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடியே அவரைக் கூப்பிட்டு, "வண்டி மேல தப்பு இல்லடா. கல்லுல ஏறுறதுக்குன்னு செஞ்சது, அது ஏறுது. என்னை மாதிரி ஆளைச் சுமக்கிறதுக்கு செஞ்சது இல்ல" என்றார்.

3. இதே ஆக்சிலுக்காக ஊரோடு சண்டை பிடித்தவர் இவர். குவாரியில் காலமெல்லாம் ஓட்டியது இந்த மாதிரி ஜீப்தான். சக்கரங்கள் தனித்தனியே அசையும் சஸ்பென்ஷன் வைத்த வண்டிகளைத் "தொட்டில்" என்று கேலி செய்வார். இவருடைய சகலை, அதாவது என் அக்கா வீட்டுக்காரர், அப்படியொரு வண்டி (இப்போது அது இல்லை, விற்றுவிட்டார்) வாங்கியபோது, அதில் ஏற மாட்டேன் என்று வீம்புக்கு வெயிலில் நடந்தே வீடு வந்து சேர்ந்தார். இப்போது இவரே அந்தத் தொட்டில் கிடைக்குமா என்று கேட்கிறார். டாக்டர் சொன்னதைக்கூடத் தாங்கிக்கொண்டேன் ஐயா. இவர் வாயால் இதைக் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை.

4. நான் கேட்கும் புது வண்டி தங்கள் அலுவலகக் கொட்டகையில் நிற்கிறது. மேற்பார்வைக்காகத் தார் ரோட்டில் போய் வருகிறது. சொகுசு வண்டியை நோயாளிகளுக்குத் தர இயலாது என்றும், கல்பாதையில் அதன் முன்பாகம் தாங்காது என்றும் என் முந்தைய மனுவுக்குத் தாங்கள் பதில் அனுப்பியிருந்தீர்கள். இரண்டாவது காரணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் வண்டியின் முன்பாகம் தாங்குமா என்று யோசித்த தாங்கள், உள்ளே கிடப்பவரின் முதுகு தாங்குமா என்றும் யோசித்திருக்கலாம். கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். அடித்து எழுத மனம் வரவில்லை.

5. பின்சக்கரங்களுக்கு இரண்டு வண்டியிலும் ஒரே ஆக்சில்தான், அதனால் வலி முழுதும் போகாது என்பதையும் அவரே சொன்னார். பாதி குறைந்தால் போதுமாம். ஓடையில் எந்தப் பக்கம் ஒதுங்கினால் முன்பக்கம் அடிபடாது என்று படுத்த படுக்கையிலிருந்தே தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பெரிய கற்களைக் கடப்பாரையால் நெம்பி ஓரம் தள்ளிவைக்கக் குடியிருப்பு ஆட்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

6. எத்தனை நாள் என்று டாக்டர் சொல்லவில்லை. சீக்கிரம் கூட்டிப்போங்கள் என்று மட்டும் சொன்னார். ஆகவே ஐயா அவர்கள் மனமிரங்கி அந்த வண்டியை ஒரு நடை அனுப்பிவைக்கக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். வண்டி மலை ஏறும்போதுதான் அவர் அதில் இருப்பார். இறங்கும்போது வண்டி காலியாக வரும். அவரைத் திரும்பக் கீழே கொண்டுவரச் சொல்லி நான் இன்னொரு மனு எழுத மாட்டேன்.

இடம்: ஆண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில்
நாள்: வெள்ளிக்கிழமை காலை

பணிவுடன்,
ஜீப்காரர் மனைவி
(கையொப்பம்)