சரிந்த மண்ணில் போட்ட கீரை

ஏங்க,

உங்களைப் பெயர் சொல்லி நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. ஏங்க என்றால் திரும்பிப் பார்ப்பீங்க. எங்கே இருந்தாலும் இப்போதும் அப்படியே திரும்பிப் பாருங்க, என் பாப்பாவின் அப்பாவே.

நாங்கள் இன்னும் அந்தப் பழைய ஸ்டோரில்தான் இருக்கிறோம். மலை சரிந்து நம்ம லயத்து வீடுகளையும் உங்களையும் மூடின பிறகு, மிச்சப்பட்டவர்களைத் தெமோதரைப் பக்கம் வேலை நின்று பூட்டிக் கிடந்த தேயிலை ஸ்டோரில், அந்தப் பழைய பேக்டரியில், கொண்டுவந்து விட்டார்கள். சேலையைக் கட்டி அறை பிரித்துக்கொண்டோம். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். பாப்பா ஒரு வகுப்பு ஏறிவிட்டாள்.

மிஷின் வந்து தோண்டியதில் மற்ற எல்லாரும் கிடைத்தார்கள். நீங்கள் மட்டும் கிடைக்கவில்லை. மறுபடியும் மழை பிடித்ததும், இனித் தோண்டினால் ஆபத்து என்று மிஷினை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உங்கம்மா கையாலேயே தோண்டப் போனார். இரண்டு பேர் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

அன்றையிலிருந்து அத்தை கருமாதி செய்ய விடவில்லை. "எம்புள்ளய கண்ணால பாக்காம எப்புடி காரியம் பண்றது?" என்கிறார். உங்கள் படத்தைப் பதுளையில் பெரிசாக்கி வாங்கி வந்து மாலை போட்டேன். மாலையைப் பிடுங்கிவிட்டார். அதனால் நான் பொட்டோடுதான் கொழுந்து எடுக்கப் போகிறேன். பார்க்கிறவர்கள் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். நான் இப்போது யாருங்க? புருசன் இருக்கிறவளா, இல்லாதவளா?

போன மாசம் பதுளையிலிருந்து சில பேர் வந்து விதைப் பாக்கெட் கொடுத்தார்கள். நிலம் இல்லாவிட்டால் என்ன, வாளியிலும் உரப்பையிலும் கீரை வளர்க்கலாம் என்று ஒரு பெண்பிள்ளை சிரித்த முகமாகச் சொல்லித்தந்தது. விதை இருந்தது. பை இருந்தது. மண் மட்டும் யாரும் கொடுக்கவில்லை. ஸ்டோரைச் சுற்றிச் சிமெண்டும் கல்லும்தான். தேயிலை மலையில் மண் வெட்டினால் கங்காணி சும்மா விடுவாரா? யாரும் கேட்காத மண் ஒரே இடத்தில்தான் கிடக்கிறது.

அங்கே போகக் கூடாது என்று கயிறு கட்டியிருக்கிறார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம், மலை சரிந்து ரோட்டில் வந்து விழுந்த மண்ணைத்தான் அள்ளினேன். பக்கத்துச் சேலை மறைப்பில் இருக்கிற ராசாத்தி அக்காவும் கூட வந்தார். கொழுந்துச் சாக்கில் கட்டி முதுகில் சுமந்து வந்தோம். ஈரக் கொழுந்தைவிடக் கனம். முதுகில் இருப்பது வெறும் மண்தானா என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். வழியில் ஒரு இடத்திலும் இறக்கி வைக்க மனசு வரவில்லை.

முதல் தடவை ஒன்றும் முளைக்கவில்லை. தேயிலைக் கன்று நடும்போது, தோட்டத்துத் துரை இழுத்துப் பார்த்தாலும் வராதபடி மிதிப்போமே, அது போலப் பையிலும் குதிகாலால் மிதித்து இறுக்கிவிட்டேன். பழகின கால். தண்ணீர் கீழே இறங்காமல் மேலேயே நின்று விதை அழுகிப்போனது.

"என்னாடி இது, தொர வந்து இழுத்துப் பாக்கப் போறாரா? கீரைக்குப் போயி இந்த மிதி மிதிச்சிருக்க!" என்றார் ராசாத்தி அக்கா. நானும் சிரித்தேன். எந்த மண்ணை மிதித்தேன் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அக்காவுக்கும் உறைத்திருக்க வேண்டும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மண்ணைக் கிளறிப் பொலபொலவென்று ஆக்கி மறுபடி விதைத்தேன். கீரை வந்தது. நல்ல பச்சை. பறித்துச் சுண்டி அத்தைக்குப் போட்டேன். ஒரு வாய் வைக்கப் போனவர் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"மண்ணு ஏது புள்ள?"

நான் பாப்பாவுக்குச் சோறு போடத் திரும்பினேன்.

"எம்புள்ளய எனக்கே ஆக்கிப் போடுறியா?"

தட்டைத் தள்ளிவிட்டார். பாப்பாவும் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லைங்க.

மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால், அத்தை என் படங்கை, மழைக்கு இடுப்பில் கட்டுகிற அந்த ரப்பர் சீட்டை, தரையில் விரித்து, பையைத் தலைகீழாகக் கொட்டி வைத்திருந்தார். கீரை ஒரு பக்கம் வாடிக் கிடந்தது. ஒவ்வொரு மண்கட்டியாக எடுத்து விரலால் நசுக்கிக்கொண்டிருந்தார். கல் ஒரு பக்கம், வேர் ஒரு பக்கம். சத்தம் போடத்தான் வாயைத் திறந்தேன். பிறகு கூடையை இறக்கி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். கொழுந்தில் முத்தல் இலை பொறுக்குவது போல நானும் பார்க்கத் தொடங்கினேன். தகரத் துண்டு ஒன்று வந்தது. கோப்பை உடைந்த ஓடு ஒன்று வந்தது, நம்ம வீட்டுக் கோப்பை இல்லை. ராசாத்தி அக்கா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தார். அது ஆறிப்போனது.

கடைசிப் பிடியையும் நசுக்கிவிட்டு அத்தை நிமிர்ந்தார்.

"இதுல அவன் இல்ல."

"இல்லீங்க அத்தை."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேங்க."

"அப்ப இதுல வெத போடலாம்."

அவரே மண்ணை அள்ளிப் பையில் போட்டார், மிதிக்காமல். கையைக் கழுவிக்கொண்டே, "நாளைக்கு இன்னொரு சாக்கு கொண்டாந்துரு" என்றார்.

அந்தப் பையில் வந்த கீரையை நேற்று ஆக்கினேன். அத்தை சாப்பிட்டார். பாப்பாவும் சாப்பிட்டாள். சுவரோரமாக இப்போது பைகள் வரிசையாக நிற்கின்றன. பார்க்கிறவர்கள், தோட்டம் போட்டு மனசைத் தேற்றிக்கொள்கிறாள் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

மிஷின் போனால் போகட்டும். மலையைச் சாக்குச் சாக்காக நான் கொண்டுவருகிறேன். கொட்டிப் பார்க்காமல் ஒரு விதையும் போட மாட்டேன். உங்களைக் காணும் வரைக்கும் நெற்றிப் பொட்டையும் அழிக்க மாட்டேன். கண்ட அன்றைக்கு அத்தை மடியில் உங்களைக் கொடுத்துவிட்டு, நானே அழித்துக்கொள்கிறேன்.

உங்கம்மாவோடு மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும்,
அவர் மருமகள், உங்கள் பாப்பாவின் அம்மா