தாழ்த்திக் கட்டிய மூலை

ஞாயிறு, டிசம்பர் 14

காலையிலிருந்து தூறல். காய்ந்த துணி ஒன்றுகூட இல்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். ஒரு வருடம் ஆயிற்று. இந்த நோட்டிலாவது எழுதிவைக்கிறேன்.

வரும் சனிக்கிழமை முகாம். ஜோகூரில் பண்டார் தெங்காரா ஊரைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய அதே ஆற்றங்கரை. வருடக் கடைசிப் பள்ளி விடுமுறையில் என் மனைவி கலாவின் குடும்பம் மொத்தமும் அங்கேதான்: நாங்கள், அவள் அண்ணன் நடராஜன் வீடு, தங்கை வசந்தி வீடு. பதினோரு வருடமாகக் கூரை கட்டியது நான். வீட்டுக்கு ஒரு கூடாரம் உண்டு, அது படுக்க மட்டும். சமையல், சாப்பாடு, சீட்டாட்டம், மழை பெய்தால் பிள்ளைகளை உட்காரவைப்பது, எல்லாம் என் நீலத் தார்ப்பாய்களுக்குக் கீழே. கடையில் இருப்பதிலேயே மலிவான ரகம். லாரியில் மணல் மூடுவது. கட்டத் தெரிந்தால் அது போதும்.

மதியம் நடராஜன் மச்சான் குடும்ப வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினார்:

"எல்லாரும் கேளுங்க, புதுசா மடக்குற கெனோபிக் கூரை வாங்கிட்டேன். மாப்ள, இந்த வருஷம் நீங்க கேன்வஸ் எதுவும் கட்ட வேணாம் லா. ஐஸ் பெட்டி மட்டும் கொண்டாங்க. வடிகால் இன்ஜினியருக்கு லீவு!"

கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள். ஒன்று கலா போட்டது.

நான் வேலையில் வடிகால் பொறியாளர்; அப்படிப்பட்டவன் கட்டிய கூரையில் போன வருடம் தண்ணீர் தேங்கியது. இதுதான் அவர்களுடைய நகைச்சுவை. கல்யாணம், காதுகுத்து, பொந்தியானில் ஒரு பிறந்தநாள் விருந்து, எங்கே போனாலும் யாராவது எடுத்துவிடுவார்கள். நானும் கூடவே சிரிப்பேன்.

திங்கள், டிசம்பர் 15

மழை இல்லை. விடுப்பு எடுத்தேன். ஸ்டோர் ரூமை ஒழிக்கலாம் என்று ஆரம்பித்து, பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.

போன வருடம் நடந்தது, வரிசையாக:

பெரிய தார்ப்பாய். நான்கு மூலை. ஆற்றுப்பக்க மூலையை இடுப்பு உயரத்துக்குத் தாழ்த்திக் கட்டினேன், மழைத் தண்ணீர் அந்த வழியாக ஓட. பிறகு ஐஸ் வாங்க டவுனுக்குப் போனேன். திரும்பும்போது கொட்டுகிற மழை. பாயின் நடுவில் எருமை வயிறுபோல் தண்ணீர். ஏன் நிற்கிறது என்று யோசிக்க நேரமில்லை. கையில் அகப்பட்ட துடைப்பக்கட்டையால் அடியிலிருந்து தள்ளினேன். தாழ்ந்த மூலைக்கு ஓடியிருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் பாய்ந்தது. அந்த இழுப்பில் ஒரு மூலை பிய்ந்தது. பாய் அடுப்பின்மேல் சரிந்தது. மெகி மீ நூடுல்ஸுக்குக் கொதித்த தண்ணீர், வசந்தியின் மகள் தர்ஷினியின் இடது காலில். அப்போது ஆறு வயது.

கட்டை என் கையில். அதை எல்லோரும் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் வசந்தியிடம் கைகூப்பினேன். "பரவால்ல மாமா, நீங்க என்ன வேணும்னேவா செஞ்சீங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

தீபாவளிக்கு எங்கள் வாசலில் விருந்தாளிகளுக்காக ஒரு பாய் கட்டியிருந்தேன். தர்ஷினி காரைவிட்டு இறங்கவில்லை. "பெரியப்பா கட்டுனதுக்குக் கீழ வரமாட்டேன்." அவிழ்த்துவிட்டேன். அன்று நல்ல வெயில். விருந்தாளிகள் வியர்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

அதன்பிறகு எதையும் கட்டவில்லை. அலுவலகத்தில் ஒரு சாக்கடைச் சரிவைக்கூட மூன்று முறை சரிபார்க்கிறேன்.

செவ்வாய், டிசம்பர் 16

இன்றும் விடுப்பு. ஸ்டோர் ரூமில் மீதியை ஒழித்தேன்.

பழைய மெத்தைக்குப் பின்னால் அந்தத் தார்ப்பாய். அன்று யாரோ மூட்டையாகச் சுருட்டிக் காரில் எறிந்தது, அப்படியே. பூஞ்சை நாற்றம். அலசி, குப்பை மூடவாவது வெட்டலாம் என்று வீட்டுப் பின்னால் விரித்தேன்.

மலிவான பாயின் மூலையில் ஒரு அலுமினிய வளையம் இருக்கும். அதில் நான் கயிறு போடுவதே இல்லை. பலமான காற்று ஒன்று போதும், பிடுங்கிக்கொண்டு வரும். மூலைக்குள் ஒரு கூழாங்கல்லை வைத்துச் சுருக்கி, அதன் கழுத்தில் நைலான் கயிறு. பாய் கிழிந்தாலும் அந்த முடிச்சு விடாது. தாழ்த்தவேண்டிய மூலையில் சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு. பதினோரு வருடமாக இதே முறை.

மூன்று மூலையில் கல்லும் நைலானும் அப்படியே இருந்தன. சிவப்புக் கோடு போட்ட மூலையில் கல் இல்லை. பிய்ந்து தொங்கும் வளையம். அதில் ரோஸ் நிற ராஃபியா கயிறு, முடிச்சுமேல் முடிச்சாக. பொட்டலம் கட்டுகிற கயிறு. நான் அதைத் தொட்டதுகூட இல்லை. பிள்ளைகளுக்குப் பலூனும் பேனரும் கட்ட மச்சான் ஒரு உருண்டை கொண்டுவந்திருந்தார்.

மகள் யாழினியிடம் போன வருடப் படங்களைக் கேட்டேன்.

"எதுக்குப்பா? பாத்துட்டு மூஞ்சத் தூக்கி வச்சிக்குவீங்க."

"அனுப்பும்மா."

அனுப்பினாள். பேனரைப் பிடித்தபடி பிள்ளைகள், பின்னால் ஆறு. ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிமேல் ஏறி நிற்கும் மச்சான். தலைக்கு மேலே தூக்கிய கையில் என் மூலை, ரோஸ் கயிறு. அவருக்காகக் கம்பைப் பிடித்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, கலா.

மச்சான்மேல் இதுவரை என் கணக்கில் இருந்தவை: திருப்பித் தராத ஏணி. என் பெயரை மட்டும் விட்டு அச்சடித்த புதுமனை அழைப்பிதழ். என் அப்பா காரியத்துக்கு ஒரு மணி நேரம் தாமதம். எல்லாம் இப்போது பொடிசாகத் தெரிகிறது.

கலாமேல் ஒன்றும் இருந்ததில்லை.

வியாழன், டிசம்பர் 18

மாலை பெருமழை. இரண்டு நாள் கேட்காமல் தள்ளிப்போட்டேன். இன்று முடியவில்லை. அடுப்பில் தோசை. கைப்பேசியை அவள் முன்னால் நீட்டினேன்.

பார்த்தாள். அடுப்பை அணைத்தாள்.

"போட்டோவுக்கு அந்த மூலை மறைச்சிச்சுங்க. ஆறே தெரியல. எல்லாரும் குனிஞ்சு குனிஞ்சு வந்தாங்க. இது என்னா குகையா, ஊர்ந்து போறதுக்குன்னு அண்ணன்தான்... எடுத்து முடிச்சதும் திரும்ப எறக்கிடலாம்னாரு. மறந்துட்டாரு. நானும் மறந்துட்டேன்."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"ஆஸ்பத்திரியில சொல்லத்தான் வந்தேன். அண்ணன் கையப் புடிச்சிக்கிட்டாரு. இப்ப வேணாம் கலா, வசந்தி அழுதுக்கிட்டு இருக்கான்னாரு. அதுக்குள்ள நீங்களே போயி மன்னிப்பு கேட்டுட்டீங்க. அப்புறம் எப்படிங்க சொல்றது?"

"ஒரு வருஷம்."

"அண்ணன்தான்னு தெரிஞ்சா வசந்தி அவர் வீட்டுப் படிய மிதிக்க மாட்டா. எங்களுக்கு அவர விட்டா யாரு? உங்கள யாரும் ஒதுக்கலையே. நீங்க தாங்கிக்குவீங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் செய்யப் போயிருப்பேன், அதுதான் என் பழக்கம்.

தோசை கருகியது. இருவரும் அதைத் தின்றோம்.

சனி, டிசம்பர் 20

முகாமில், காருக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். மாலை ஆறு. வானம் துடைத்துவிட்டதுபோல்.

கொண்டுவந்தவை: ஐஸ் பெட்டி. சின்னத் தார்ப்பாய் ஒன்று. கூழாங்கல் நான்கு. நைலான் கயிறு. மார்க்கர்.

மச்சானின் கெனோபி வெள்ளை. அழகாகத்தான் இருக்கிறது. நான் தள்ளிப்போய் இரண்டு மரத்துக்கும் இரண்டு கம்புக்கும் இடையில் என்னுடையதைக் கட்டினேன், ஒரு நாற்காலிக்கு மட்டும்.

"மாப்ள, கோழிக்கூடு நல்லாருக்கு லா!"

என் பாயில் தண்ணீர் ஓடுவதை எல்லோரும் பார்க்கும்படி மழை வரவேண்டும் என்று நாள் முழுக்க வேண்டிக்கொண்டேன். பிள்ளைகள் ஆற்றில் இறங்கியிருந்தபோதும். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை.

நாலரை மணிக்கு தர்ஷினி வந்தாள். நிழலுக்கு வெளியே நின்றுகொண்டாள். அவள் காலில் தழும்பு பளபளப்பாக, வெற்றிலை அளவு.

"பெரியப்பா, இது ஏன் கோணலா இருக்கு?"

"தண்ணி ஓடறதுக்கு."

"எங்க ஓடும்?"

ஒரு குவளைத் தண்ணீரை மேலே ஊற்றிக் காட்டினேன். தாழ்ந்த மூலைக்கு ஓடிச் சொட்டியது. அவளே வாங்கி ஊற்றினாள். மறுபடி. மறுபடி. ஆற்றுக்கும் பாய்க்கும் ஆறு நடை. மேலே எதுவும் நிற்கவில்லை. சிரித்தாள். பிறகு குவளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற குரலில்:

"அப்ப அன்னைக்கி மட்டும் ஏன் ஓடல?"

வசந்தி தலை நிமிர்ந்தாள். மச்சான் கோழி சுட்டுக்கொண்டிருந்தார். கலா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

பதிலை மச்சானுக்கும் கலாவுக்கும் விட்டேன். யாராவது ஒருவர், ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

"பெரியப்பாவுக்கு அன்னைக்கிக் கணக்குத் தப்பிப் போச்சுடா கண்ணு!" மச்சான் இடுக்கியை ஆட்டினார். சிரிப்பு.

கலா சிரிக்கவில்லை. அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

தர்ஷினி இடது காலை மட்டும் நிழலுக்குள் வைத்தாள். அங்கேயே நின்று மேலே பார்த்தாள். வசந்தி கூப்பிட்டதும் போய்விட்டாள்.

ஞாயிறு, டிசம்பர் 21

வீடு. மழை இப்போதுதான் பிடிக்கிறது, எல்லாம் முடிந்த பிறகு. ஐஸ் பெட்டி இன்னும் கழுவவில்லை.

முகநூலில் ஜோகூர் முகாம்காரர்கள் குழு ஒன்று. மச்சான் தினமும் அங்கே கெனோபிப் படம் போடுகிறார். வசந்தியும் இருக்கிறாள், எல்லாவற்றையும் படிப்பவள். அந்தக் குழுவில் போட இன்று எழுதியது:

மலிவான தார்ப்பாயும் போதும். வளையத்தை நம்பாதீர்கள், மூலையில் கல் வைத்துக் கட்டுங்கள். ஒரு மூலையை நன்றாகத் தாழ்த்துங்கள், குனிந்து வரவேண்டியிருந்தாலும் பரவாயில்லை. அடுப்பை உயர்ந்த பக்கம் வைக்காதீர்கள், கூரைக்கு வெளியே வையுங்கள் (இது என் தப்பு, நான் அன்று அதைச் செய்யவில்லை). கட்டியவர் இல்லாதபோது, படம் எடுப்பதற்காக, தாழ்ந்த மூலையை அவிழ்த்து மேலே கட்டாதீர்கள். கட்டினால், யாருக்காவது சுட்டால், அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

கூடவே ஒரு படம். யாழினி அனுப்பியது இல்லை. அந்தப் படத்தில் கலா இருக்கிறாள், அதைப் போடமாட்டேன். பிய்ந்த மூலையை மட்டும் எடுத்தேன்: சிவப்புக் கோடு, வளையம், ரோஸ் கயிறு. அன்று பலூன்களையும் பேனரையும் அதே கயிற்றில் மச்சானோடு சேர்ந்து கட்டியவள் வசந்தி. பார்த்ததும் இது யார் கயிறு என்று அவளுக்குத் தெரியும்.

கலா பின்னால் வந்து நின்று முழுவதையும் படித்தாள்.

"பேர் போடப் போறீங்களா?"

"யாரோட பேர?"

மாடிக்குப் போய்விட்டாள்.

என் பெயரைப் போட்டால் மச்சான், கலா, மீதி இரண்டு பெயரும் தானாக வரும். ஊர் சிரிக்க அவர்கள் எனக்குச் செய்ததை நான் அவர்களுக்குச் செய்யமாட்டேன். ஆனால் அவர்கள் பழியை இனிமேல் தாங்கவும் மாட்டேன். பெயரில்லாமல் போடுகிறேன்.