1914-ஆம் ஆண்டின் மேடை

அக்டோபர் 11, ஞாயிறு இரவு, பிளானோ, அமெரிக்கா.

தமிழ்ச் சங்க மேடையில் இன்று 1914-ஆம் ஆண்டின் ஐரோப்பிய மெய்யியல் பற்றிப் பேசினேன். அறிவை வழிபட்ட மெய்யியலார் பலர், முதல் உலகப் போர் மூண்டதும் தத்தம் நாட்டுப் படைக்கு வாழ்த்துரைத்தனர் என்றேன். பேசி முடித்ததும், மென்பொருள் துறையில் பணியாற்றும் தங்கை கயல்விழி எழுந்தாள்.

“அண்ணா, நீங்க அப்ப அங்க இருந்திருந்தா என்ன பேசியிருப்பீங்க?”

“எரிமலையாய் எதிர்த்திருப்பேன்!” என்று முழங்கினேன். கைதட்டலில் அரங்கம் அதிர்ந்தது.

அவள் சிரித்தாள். “இங்க கிளாப் ஈஸியா வருது அண்ணா. அங்க போரை சப்போர்ட் பண்ணாத்தான் கிளாப். அப்பவும் இதையே சொல்லியிருப்பீங்களா?”

நான் வாய் திறப்பதற்குள் செயலாளர் பொன்னாடை போர்த்திவிட்டார்.

சொல்லியிருப்பேன். அதில் ஐயமில்லை. ஆயினும், கைதட்டல் இல்லாத மேடையில் நான் இதுவரை ஒருமுறைகூட நின்றதில்லை.