பார்த்துக்கொண்டவர் கையெழுத்து

நந்திதுர்க்,
8-2-2026, ஞாயிறு

அன்புள்ள மகள் மாயாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை ஆகாஷும் குழந்தை விசாகாவும் அந்தப் பனியில் சளி, இருமல் இல்லாமல் இருப்பதாக நம்பி எழுதுகிறேன். போனில் பேசினால் பாதி மறந்துவிடுகிறது, மீதியை அம்மா பக்கத்தில் இருப்பதால் சொல்லாமல் விட்டுவிடுகிறேன். ஆகவே எழுத வேண்டியதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. எங்கள் உடல்நிலை.
2. உன் கம்பெனியின் குழந்தைப் பராமரிப்புக் கணக்கை நான் புரிந்துகொண்ட விதம்.
3. விசாகாவைப் பார்த்துக்கொள்ளும் ஐடா அம்மாவிடம் கையெழுத்துக் கேட்க வேண்டாம் என்பது, அதற்கான காரணம்.
4. ஷோபாவின் குழந்தையும் அம்மாவும்.
5. மற்றவை.

முதலாவது. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் மாத்திரையில் கட்டுப்பட்டிருக்கிறது. எனக்கு இடது முழங்கால் மட்டும் படி இறங்கும்போது வலிக்கிறது, ஏறும்போது வலிப்பதில்லை, ஏன் என்று டாக்டருக்கும் தெரியவில்லை.

இரண்டாவது. நீ ஜனவரியில் சொன்னதை நோட்டில் குறித்து வைத்தேன், தவறிருந்தால் திருத்து. உன் சம்பளத்தில் வரி பிடிப்பதற்கு முன்பே ஒரு பகுதியைக் கம்பெனி தனியாக எடுத்து வைக்கிறது, போன வருடத்துக்கு உச்சவரம்பு ஐயாயிரம் டாலர். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிறபோது குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவுக்கு மட்டும் அது. பள்ளி மாதிரி நடத்தும் இடமாக இல்லாமல் ஒருவர் தன் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டாலும் செல்லும். ஆனால் நீ முதலில் கையிலிருந்து கொடுத்துவிட்டு, பிறகு பார்த்துக்கொண்டவரின் பெயர், முகவரி, வரி எண், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ற விவரம், கையெழுத்து எல்லாம் உள்ள தாளை அனுப்பித் திரும்பப் பெற வேண்டும். மார்ச் முடிவதற்குள் அனுப்பாவிட்டால் போன வருடத்துப் பணம் போய்விடும். உன் சம்பளத்தில் பிடித்த பணம் உனக்கே திரும்பாது என்பதை நம்ப முடியாமல் உன்னை இரண்டு முறை கேட்டேன், நினைவிருக்கும். நீ இன்னும் ஒரு தாளும் அனுப்பவில்லை. ஐடா அம்மாவிடம் கேட்கலாமா என்று என்னிடம் கேட்டாய், நான் வேண்டாம் என்றேன், நீயும் கேட்கவில்லை.

மூன்றாவது. என் காரணத்தைச் சொல்கிறேன். முதலில் சேர்த்த இடத்தில் விசாகா அழுது வாந்தி எடுத்தாள், பத்து நாளில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஐடா அம்மா வீட்டில்தான் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், மாலையில் வர மாட்டேன் என்கிறாளாம். கணவர் இல்லாத அம்மா, நான்கு குழந்தைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். அவரிடம் போய் வரி எண் கொடுங்கள், கையெழுத்துப் போடுங்கள் என்றால் தன்னைச் சந்தேகப்படுவதாக நினைப்பார், அல்லது வரிக்குப் பயந்து வேறு இடம் பாருங்கள் என்பார். ஐயாயிரம் போனால் போகட்டும், குழந்தை ஒட்டிக்கொண்ட இடம் கலையக் கூடாது என்பது என் எண்ணம். உன் சம்பாத்தியத்தைப் பற்றி இங்கே உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்றும் தோன்றுகிறது. இருந்தாலும் நீ கேட்டதால் சொன்னேன்.

நான்காவது, இதை ஒத்த ஒரு விஷயம். மூன்றாவது வீட்டு ஷோபாவும் அவள் கணவன் மஞ்சுநாத்தும் விடியற்காலை ரயிலில் பெங்களூரு போகிறார்கள். ஐந்து மணிக்கே குழந்தை தன்யாவைப் போர்வையோடு கொண்டுவந்து நம் வீட்டில் படுக்க வைத்துவிட்டுப் போவாள், வந்து எடுத்துக்கொள்ள இரவு எட்டாகும். பதினோரு மாதமாக அம்மாதான் பார்த்துக்கொள்கிறாள். மாதம் பிறந்தால் ஷோபா மூவாயிரம் ரூபாயைச் சர்க்கரை டப்பாவின் கீழே வைத்துவிட்டுப் போவாள், வைத்தேன் என்று அவளும் சொல்ல மாட்டாள், எடுத்தேன் என்று அம்மாவும் சொல்ல மாட்டாள். அக்கம்பக்கத்தில் கேட்டால் அம்மா, சும்மா இருப்பதற்கு ஒரு துணை என்பாள். இந்த வருடம் ஷோபாவின் கம்பெனியிலும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவைத் தருகிறார்களாம், பார்த்துக்கொள்பவர் கையெழுத்திட்ட ரசீது வேண்டுமாம். அவள் அம்மாவிடம் கேட்கக் கூச்சப்பட்டு, ரேஷன் கடை வரிசையில் என்னிடம் சொன்னாள். எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. ரசீது என்று வந்தால் துணை என்பது கூலி என்று ஆகிவிடும், அம்மா புண்படுவாள் என்று நினைத்தேன். சுரங்கத்தில் வருகைக் கணக்கு எழுதும் டைம் ஆபீசில் கிளார்க்காக இருந்தபோது, வர முடியாதவர்களுக்காக ‘ஃபார்’, அதாவது இன்னாருக்காக, என்று எழுதி நாங்களே கையெழுத்திடுவதுண்டு. அதே போலப் பெயர் இருக்கும் இடத்தில் நாகம்மா என்று அம்மா பெயரை எழுதி, கீழே ‘ஃபார்’ போட்டு என் கையெழுத்தை இட்டுக் கொடுத்துவிட்டேன். யாரும் புண்படவில்லை, காரியமும் நடந்தது. அங்கே அப்படிச் செய்ய வழியில்லாததால்தான் கேட்காமலே விட்டுவிடு என்கிறேன். மீதியை நாளை எழுதுகிறேன்.

11-2-2026, புதன். நாளை என்றது மூன்று நாள் ஆகிவிட்டது. நேற்று நடந்ததை எழுத வேண்டும். பெயர் ஒன்று, கையெழுத்து ஒன்றாக இருப்பதாக ஷோபாவின் கம்பெனியில் ரசீதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் நேற்று விடியற்காலை குழந்தையோடு அதையும் கொண்டுவந்தாள். நான் குளியலறையில் இருந்தேன். ரயிலுக்கு நேரமாகிறதே என்று அவள் அம்மாவிடமே நீட்டிவிட்டாள். நான் துண்டோடு வெளியே வந்தபோது அம்மா விளக்கின் கீழே நின்று எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். முதலில் ஷோபாவைத்தான் பிடித்தாள், “இன்னாம்மா, என்னக் கேட்டா கடிச்சித் துன்னுடுவேனா?” என்றாள். ஷோபா, இல்ல ஆன்ட்டி, அங்கிள்தான், என்று இழுத்தாள். பிறகு அம்மா என் பக்கம் திரும்பினாள். அவள் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். “பீ தொடச்சது நானு, ராகிக் கஞ்சி ஊட்டனது நானு. கையெழுத்து மட்டும் டைம் ஆபீஸ் கிளார்க்கு போடுவாரா?” குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, புது ரசீதில் நாகம்மா என்று தமிழில் நிதானமாக எழுதினாள். இனிமேல் பணத்தைச் சர்க்கரை டப்பாவின் கீழே வைக்க வேண்டாம், கையில் கொடு என்றும், இந்தத் தாளில் ஒரு நகல் தனக்கும் வேண்டும் என்றும் ஷோபாவிடம் சொன்னாள். ஷோபா அந்த ரயிலைத் தவறவிட்டு அடுத்ததில் போனாள், போகும்போது சிரித்துக்கொண்டுதான் போனாள். இரவு திரும்பும்போது நகலைக் கொண்டுவந்தாள். பெயருக்கு எதிரே இங்கிலீஷில் என்ன போட்டிருக்கிறது என்று அம்மா என்னைக் கேட்டாள். குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் என்று சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். என் சர்வீஸ் சான்றிதழும் ரேஷன் கார்டும் இருக்கும் தகரப்பெட்டியில் அதை வைத்து மூடினாள். நாற்பத்தைந்து வருடமாக அந்தப் பெட்டியில் அவள் பெயருக்கென்று தனியாக ஒரு தாளும் இருந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஆகவே மாயா, ஐடா அம்மாவிடம் நீயே கேள். போனில் வேண்டாம், மாப்பிள்ளையை அனுப்பவும் வேண்டாம். மாலையில் குழந்தையை எடுக்கப் போகும்போது, மற்றக் குழந்தைகள் போனபின், உட்கார்ந்து கேள். தேதிகளை நீ எழுதிக்கொண்டு போ, பெயரையும் கையெழுத்தையும் அவருக்கு விட்டுவிடு. அவர் வரிக்குப் பயப்படலாம், மறுக்கவும் கூடும். மறுத்தால் குழந்தையை நிறுத்திவிடுவேன் என்று மட்டும் பேசாதே, பணம் போகட்டும். ஆனால் மறுப்பதானால் அவர் மறுக்கட்டும். அவர் வாயால் சொல்ல வேண்டியதை நான் ஏழு கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு சொல்லிவிட்டேன்.

ஐந்தாவது. என்னோடு வேலை செய்த தங்கவேலுவுக்குக் கண் ஆபரேஷன் நன்றாக முடிந்தது, என் சட்டை பழுப்பு என்று இப்போதுதான் தெரிகிறதாம். விசாகாவுக்கு அம்மா பின்னிய குல்லாயை ராபர்ட்சன்பேட்டையில் தபாலில் சேர்த்திருக்கிறேன், அளவு பற்றி எனக்குச் சந்தேகம். புத்தரும் தம்மமும் சங்கமும் உங்கள் மூவருக்கும் துணையிருக்கட்டும், குழந்தை ஒரு குறையுமின்றி வளரட்டும். மார்ச் முடிய இன்னும் நாற்பத்தெட்டு நாள் இருக்கிறது, கடைசி வாரம் வரை தள்ளாதே.

முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதியிருக்கலாம். ஆனால் டைம் ஆபீஸ் பதிவேட்டில் தப்பை அழிக்கக் கூடாது, கீழே இருப்பது படிக்கத் தெரியும்படி ஒரே கோடு போட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும் என்பது விதி. வரிசையில் மூன்றாவதன் மேல் அப்படிக் கோடு போட்டிருக்கிறேன். அது தப்பு. பக்கத்தில் இருப்பது என் கையெழுத்துதான், யாருக்காகவும் போட்டதல்ல.

அன்புடன்,
உன் அப்பா
தம்மபாலன்