பாறையில் குதிரை, திரையில் பெருவிரல்

செஞ்சி,
புரட்டாசி முதல் வாரம்

சிரஞ்சீவி அறிவுமதிக்கு, சிங்கவரத்து அரங்கநாதன் உன்னுடன் இருப்பானாக. உன் தந்தை இளையபெருமாள் எழுதுவது.

உன் தாய்க்கு நடக்கவேண்டிய அறுவைச் சிகிச்சை நடக்கவில்லை. புதுச்சேரி மருத்துவமனை வரை போய்ப் படுக்கையில் ஓரிரவு தங்கித் திரும்பிவந்துவிட்டோம். காரணம் நீ அனுப்பிய ஒரு படம். தொலைபேசியில் பேச எடுத்தால் அவள் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். அவள் காதில் விழக்கூடாத சேதி என்பதால் விரைவு அஞ்சலில் புனேவுக்கு அனுப்புகிறேன். நின்று நிதானித்துப் படி.

சென்ற மாதம் குடும்பக் குழுவில் ஒரு காணொளி அனுப்பியிருந்தாய். உங்கள் நிறுவனத்துக் கூட்டத்தில் கீழ்வாலைப் பாறை ஓவியங்களைப் பெரிய திரையில் காட்டி, எங்கள் ஊர்ப்பக்கத்தில் இருப்பவை இவை, கைப்பேசிச் செயலிகளுக்கு நான் வரையும் சின்னங்களுக்கு இவையே பூட்டன் முறை என்றாய். எழுத்து வேண்டாம், மொழி வேண்டாம், ஒரே பார்வையில் எவருக்கும் பொருள் விளங்கும் என்றாய். கூட்டம் கைதட்டியது. உன் தாய் அதைப் பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணுவைக் கூப்பிட்டுக் காட்டினாள். எனக்கு அன்று மூண்ட சினம் இன்னும் அடங்கவில்லை.

கீழ்வாலையில் செங்காவி குழைத்துக் குதிரையையும், பறவை முகத்து மனிதனையும், படகில் கைகோத்து நிற்பவர்களையும் தீட்டியவனுக்கு எழுத்து இல்லை. தன் நெஞ்சில் இருந்ததை இன்னொருவனுக்குச் சேர்க்க அவனிடம் இருந்தது அது ஒன்றே. அதை முழுதாகக் கொடுத்துவிட்டுப் போனான். நமக்கு முழுப்பொருள் விளங்காவிட்டாலும், ஒருவன் எதையோ சொல்லத் தவித்தான் என்பது அந்தப் பாறைமுன் நின்றால் விளங்குகிறது. நீயோ எழுத்து நிரம்பக் கற்றவன். கற்றபின், எழுதும் சிரமம் வேண்டாமென்று படத்தை எடுத்துக்கொண்டாய். அவன் பேச வழியின்றி வரைந்தான். நீ பேசாமல் தப்பிக்க வரைகிறாய். இரண்டும் ஒரே குலம் என்று மேடையேறிச் சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது?

உன் திரையில் என்னதான் இருக்கிறது? நம் வீட்டில் ஒருநாளும் இருந்திராத பழைய தொலைபேசியின் கைப்பிடி. கடிதம் எழுதாதவர்கள் அமுக்கும் உறை. கருவறை இல்லாத மணி. யாரைக் கும்பிடுகிறோம் என்று அறியாமலே எல்லாருக்கும் குவிகிற இரு கைகள். படங்களோடு எனக்குப் பகை என்று எண்ணாதே. பெருமாளுக்கு ஆட்பட்டதன் அடையாளமாகக் காய்ச்சிய சங்கு சக்கரப் பொறியை இரு தோளிலும் ஏற்றவன் நான். அவையும் படங்கள்தாம். ஆனால் சுட்டு ஏற்ற நாள்முதல் அவை என்னைக் கட்டியிருக்கின்றன. கட்டாத படத்தை நான் மதிப்பதில்லை.

இனி நடந்ததைக் கேள். ஆவணியில் கைப்பேசியில் உனக்கு நான் எழுதினேன்: தாயின் வயிற்றில் கட்டி இருக்கிறது, எடுத்தாக வேண்டும், நீ அருகில் நிற்கவேண்டும் என்கிறாள், இன்ன தேதி என்று. அன்று மாலையே உன்னிடமிருந்து நிமிர்ந்த பெருவிரல் ஒன்று வந்தது. ஒரு சொல்லும் இல்லை. நான் அதை அவளிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெருவிரல் என்றால் அவளுக்கு என்னவென்று நீ அறியமாட்டாயா? அவள் தகப்பனார் நிலக்கிழாரின் தாளில் அதைப் பதித்த பிறகு, காய்ச்சலோடும் களத்துக்குப் போனவர். பதித்தால் மாற்றமுடியாது என்று பார்த்து வளர்ந்தவள். கடலை பிடுங்கிப் பிடுங்கி அவள் விரலில் ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை இயந்திரம் அவளை யாரென்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறது. உன் படத்தைப் பார்த்து அவள் சொன்னது இதுதான்: “என் ரேகதான் தேஞ்சிபோச்சி. எம்புள்ளது நல்லா இருக்குது. கைநாட்டு வெச்சிட்டான், வந்துருவான்.”

அதன்பிறகு அவள் அஞ்சவில்லை. அம்மாக்கண்ணு, அறுத்தால் வலிக்குமே காத்தாயி என்று வம்புக்கு இழுத்தபோது, வலி எனக்கு, பார்த்துக்கொள்ள ஆள் வருகிறான், உனக்கென்ன என்று சிரித்தாள். மருத்துவமனையில் பச்சை உடை மாட்டித் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தபோதுதான் வாயிலைப் பார்த்தாள். நீ இல்லை. வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். செவிலியர் கெஞ்சினார்கள், உன் தங்கை அனு அழுதாள். “அவன் வராம நான் படுக்கமாட்டேன், நைனா வந்து சொன்னாலும் படுக்கமாட்டேன்” என்று செத்துப்போன தன் தகப்பனாரை இழுத்துப் பேசினாள். மருத்துவர் வேறொரு நாள் குறித்து அனுப்பிவிட்டார்.

அன்றிரவு அனு உனக்குப் பேசினாள். நீ சொன்னதாக அவள் சொன்னது: “பாத்துட்டேன்னுதான் போட்டேன். வரேன்னு எங்க சொன்னேன்?” புதிய செயலி வெளியாகும் வாரம், விடுப்பு இல்லை என்றாயாம். அறிவுமதி, ஒரே பார்வையில் எவருக்கும் விளங்கும் என்று மேடையில் முழங்கினாயே, அந்த ‘எவரில்’ உன் தாய் சேரமாட்டாளா? எழுதப் படிக்கத் தெரியாதவருக்காகவே வரைகிறேன் என்று பெருமை பேசுகிறவன், வீட்டில் இருக்கும் ஒரே எழுத்தறியாதவளைப் பற்றி ஒரு கணமும் எண்ணவில்லை. பாறையில் வரைந்தவன் எவனாயினும் இப்படிச் செய்திருக்கமாட்டான்.

இன்றும் அவள், பஸ் கிடைத்திருக்காது, அவசர வேலை வந்திருக்கும் என்று உனக்காக என்னிடம் வழக்காடுகிறாள். அந்த விரலுக்குப் பொருள் ஒன்றுமில்லை என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, கட்டி வளர்ந்திருக்கிறது, இனியும் தள்ளினால் கத்தி வைத்தும் பயனில்லை என்றார். வரும் திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை நாள் குறித்திருக்கிறது. வருவதானால் அதற்கு முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமைக்குள் வீடு வந்து சேர். இயலாதென்றால் அவளைக் கூப்பிட்டு, உன் வாயால், நான் வரவில்லையம்மா, நீ போய்ப் படு என்று சொல். அழுவாள். அழுது முடித்துப் போய்ப் படுப்பாள். எனக்கு அது போதும். நீ வந்து நின்றாலும் போதும், சொல்லிவிட்டாலும் போதும். இரண்டும் இல்லாமல் அவளைக் காக்க வைத்துவிடாதே.

சிங்கவரத்துப் படியேறும்போதெல்லாம் உன் ஆயுளுக்குத்தான் முதலில் வேண்டுவேன். இந்த வாரம் பெருமாள் முன் போய் நின்றால் கற்ற பாசுரம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. உன் தாயின் பெயரைத் தவிர வேறெதுவும் வாயில் வரவில்லை. ஆகவே உனக்குரிய வாழ்த்தை இங்கேயே எழுதிவிடுகிறேன். நீ நீடூழி வாழ்க.

உன் தந்தை,
இளையபெருமாள்